பழைய காரின் எஞ்சினில் ‘டொக் டொக்’ சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பத்து ஆண்டைத் தாண்டிய காரை வைத்திருப்பவருக்கு எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்கும். காரை வைத்திருக்க உரிமை தரும் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பிக்கப் பெருந்தொகை கட்டியிருப்பார். அது தீர இன்னும் சில ஆண்டுகள் இருக்கும். இந்தப் பதற்றத்தில் சிலர், ஒரு போல்ட்டை இறுக்கினால் போய்விடும் சத்தத்துக்கு எஞ்சினையே பிரிக்கச் சம்மதித்துவிடுகிறார்கள். வேறு சிலர், அன்றே நிறுத்த வேண்டிய வண்டியை ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டி எஞ்சினையே இழக்கிறார்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று பொறுமையாகக் கவனித்தால் இரண்டையும் தவிர்க்கலாம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாம் பெட்ரோல் கார்களைப் பற்றியவை.

சத்தம் கேட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் எண்ணெயைப் பாருங்கள். வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மேலே போன எண்ணெய் கீழே இறங்கப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் எண்ணெய் இருக்க வேண்டும். கீழ்க்குறியில் நின்றால் பல கார்களில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைகிறது என்று அர்த்தம். குச்சியின் நுனியில்கூட ஒட்டவில்லை என்றால், எண்ணெய் ஊற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது.

‘சிவப்பு விளக்கு எரியவில்லையே, அப்புறம் எப்படி எண்ணெய் குறையும்?’ என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான பழைய கார்களில் அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் அழுத்தம் மிகவும் கீழே விழுந்த பிறகுதான் எரியும். அது எரிகிற நேரத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஏற்கெனவே எண்ணெய் இல்லாமல் உரசிக்கொண்டிருக்கும். ஓட்டும்போது அந்த விளக்கு எரிந்தால் வீடு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள்.

இந்தச் சத்தத்தோடு வண்டியை ஓட்டலாமா?

சத்தத்தின் கனத்தைப் பொறுத்தது. மெல்லிய, கூர்மையான ‘டிக் டிக்’ என்றால், எண்ணெய் அளவு சரியாக இருக்கும் பட்சத்தில், வொர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகமாகவும் பலமாகவும் ஆனால் ஓட்டக் கூடாது. டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

தீவு விரைவுச்சாலையிலோ மத்திய விரைவுச்சாலையிலோ போகும்போது அப்படிக் கேட்டால், ஹசார்ட் விளக்கைப் போட்டுச் சாலையோரப் பகுதிக்கு ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். விரைவுச்சாலைகளில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, பக்கத்தில் அதற்கென்று குறித்த கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துப்போய் விடும். அங்கிருந்து உங்கள் இன்சூரன்ஸ் டோ டிரக்கையோ மெக்கானிக்கையோ அழைக்கலாம்.

எந்தச் சத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதே.

சத்தத்தை மட்டும் கேட்டால் ஒரே மாதிரிதான் இருக்கும். அது வரும் நேரத்தைப் பாருங்கள். நான்கு விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளச் சொல்வேன்.

முதலாவது, சூடு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் மறைந்தால் ஒரு காரணம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு தொடங்கினால் வேறு காரணம். அலுமினியப் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் குளிர்ந்த நிலையில் சுவரில் அடிக்கும். சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். அது எண்ணெய் குடிக்காத வரை பல ஆண்டுகள் அப்படியே ஓடக்கூடியது. கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டு) பக்கத்துப் பேரிங் இதற்கு நேர் எதிர். சூடானால் எண்ணெய் மெலிந்துவிடும், தேய்ந்த இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது, சத்தம் கூடும். நம் ஊரில் இரவுக் குளிரே 25 டிகிரிக்குப் பெரிதாகக் கீழே போவதில்லை என்பதால் இந்த வித்தியாசத்தை எளிதில் தவறவிடுவோம். இரவு முழுக்க நிறுத்தி வைத்த வண்டியின் முதல் இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, சுமை. நிற்கும்போது வருகிறதா, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, காலை எடுத்ததும் வருகிறதா? ஏற்றம் தேடி எங்கும் போக வேண்டாம், பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையே போதும்.

மூன்றாவது, வேகம். எஞ்சின் சுற்றுக்கேற்ப சத்தம் வேகமாகிறதா, வண்டியின் வேகத்துக்கேற்ப மாறுகிறதா? ஓடும் வண்டியை ‘என்’ கியருக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம். நிறுத்திய இடத்தில் ‘பி’யில் வைத்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தாலே தெரிந்துவிடும். நிற்கும்போது ஒன்றும் கேட்காமல், ஓடும்போது மட்டும், அதுவும் மேடுபள்ளத்தில் கேட்டால், தேட வேண்டியது சஸ்பென்ஷனில்.

நான்காவது, ஏர்கான். அதை அணைத்துப் பாருங்கள். ‘டி’யில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். இவற்றில் ஏதோ ஒன்றில் சத்தம் மாறினால், எஞ்சினின் உள்பாகங்கள் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு.

மேலிருந்து ‘டிக் டிக்’ என்று வருகிறது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது ஒரு முறைதான் சுற்றும். எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) நின்று ஓடும்போது கிராங்க் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு வால்வோ நொடிக்கு ஆறு முறைதான் தட்டும். அதனால் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் எஞ்சின் ஓடும் வேகத்தோடு ஒப்பிட்டால் சோம்பலாகக் கேட்கும். பேரிங் சத்தத்துக்கு அந்த நிதானம் இருக்காது. கொஞ்சம் பழகிய காதுக்கு இது ஒன்றே போதும்.

ஹோண்டாவின் சிவிக், ஜாஸ், சிட்டி போன்றவற்றின் பல எஞ்சின்களில் டேப்பெட் இடைவெளியை ஸ்குரூ திருகிச் சரிசெய்துவிடலாம். அந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள வண்டியில் அழுக்கு எண்ணெயால் லிஃப்டர் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் மாற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் பல நேரம் தானாகவே சரியாகும்.

இன்னொன்றும் ‘டிக் டிக்’ என்றே கேட்கும்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் (புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்பில்) கசிவு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் பலமாக இருக்கும், உலோகம் சூடேறி விரிந்து இடைவெளியை அடைத்ததும் குறையும். கசியும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி ‘கடகட’, அப்புறம் ஒன்றும் இல்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இரவில் எண்ணெய் கீழே இறங்கிவிட, காலையில் அழுத்தம் ஏறும் வரை டைமிங் செயினை (கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைப்பது) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ கேம்ஷாஃப்ட் கோணத்தை மாற்றும் கியரோ தளர்ந்து ஆடுகிறது. 2008 முதல் 2012 வரை வந்த ஹோண்டா அக்கார்டின் 2.4 லிட்டர் எஞ்சினில் அந்தக் கியரின் சத்தம் பிரசித்தம். எரிச்சல் தரும், ஆனால் திடீரென்று ஆளை நடுவழியில் விடுவது அரிது. அதே காலத்து ஃபோக்ஸ்வாகன், ஆடி 1.8, 2.0 டிஎஸ்ஐ எஞ்சின்களில் செயின் டென்ஷனர் தளர்ந்தால் கதையே வேறு. செயின் ஒரு பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளைந்துவிடும். அந்த வகை வண்டியில் இந்த இரண்டு நொடிச் சத்தம் கேட்டால் அந்த வாரமே காட்டுங்கள்.

ஏற்றத்தில் மிதித்தால் டின்னுக்குள் சில்லறையைக் குலுக்கியது போல் கேட்கிறது. பெட்ரோலை மாற்றினால் போகுமா?

போகலாம். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிப்பதால் வரும் சத்தம் இது. ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோல் அப்படித் தானாக வெடிப்பதைத் தாக்குப்பிடிக்கும்.

இங்கே 92, 95, 98 என்று கிடைக்கிறது. பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் அல்லது கையேட்டில் உங்கள் வண்டிக்குக் குறைந்தபட்சம் எது வேண்டும் என்று இருக்கும். 95 கேட்கும் வண்டிக்கு 92 ஊற்றிக்கொண்டிருந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. 95 ஊற்றியும் சத்தம் வந்தால் ஒரு டேங்க் 98 ஊற்றிச் சோதித்துப் பாருங்கள். சோதனை என்றுதான் சொல்கிறேன். 98-இல் சத்தம் போய்விட்டது என்பதற்காக ஆயுசு முழுக்க 98 ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. புதிதாக இருந்தபோது 95-இல் சத்தமில்லாமல் ஓடிய எஞ்சின் இப்போது ஏன் 98 கேட்கிறது என்று தேட வேண்டும். பழைய வண்டியில் பிஸ்டன் தலையில் கரி படிந்து அழுத்த விகிதம் கூடியிருக்கும்; ரேடியேட்டர் பாதி அடைத்து எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும்; தவறான பிளக் போட்டிருப்பார்கள்; இன்டேக்கில் காற்றுக் கசிந்து கலவை மெலிந்திருக்கும்.

ஜோகூரில் பெட்ரோல் போட்டதால் வந்ததா என்றும் கேட்கிறார்கள். சிங்கப்பூர் வண்டிகள் அங்கே ரான் (ஆக்டேன் எண்) 95 வாங்க முடியாது, 97-தான் வாங்கலாம். 95 கேட்கும் வண்டிக்கு அது தாராளம். பழியை அங்கே போட வேண்டாம்.

நாக் சென்சார் என்ற ஒன்று எஞ்சின் பிளாக்கில் இருக்கும். இந்த வெடிப்பின் அதிர்வை உணர்ந்து, பற்றவைப்பைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்லும். அது கெட்டிருந்தால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0325 போன்ற குறியீடு வரும்.

அடியிலிருந்து வரும் கனமான ‘டொக் டொக்’ கனெக்டிங் ராட் பேரிங்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராட். இந்தக் கேள்விக்கு நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பெரிய செலவு இதில்தான். மூன்று ஆதாரம் சேராமல் ‘ராட் போய்விட்டது’ என்ற தீர்ப்பை ஏற்காதீர்கள்.

சிலிண்டரை அடக்கிப் பார்ப்பது ஒன்று. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரின் ஒயரைக் கழட்டி மாட்டுவார்கள். பெட்ரோல் போகாத சிலிண்டரில் வெடிப்பு இல்லை. அந்த ராட் மேல் சுமை இல்லை. மூன்றாவது சிலிண்டரின் ஒயரைக் கழட்டும்போது மட்டும் சத்தம் பாதியாகக் குறைந்தால், மூன்றாவது ராட்டில் பிரச்சினை. இதை இக்னிஷன் காயிலைக் கழட்டியும் செய்வார்கள். ஆனால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். இன்ஜெக்டரைக் கழட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணெய் ஃபில்டர். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், தகர உறையை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் கரிய துகள் கொஞ்சம் இருப்பது சகஜம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு உரிந்திருக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு தீர்ந்து அடுத்த அடுக்கு வரை போய்விட்டது. சில பேரிங்குகளில் செம்பு அடுக்கே கிடையாது, ஆகவே செம்பு தெரியவில்லை என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. நல்ல பேரிங்கில் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது கொஞ்சம் கூடினாலே தட்ட ஆரம்பிக்கும்.

மூன்றாவது எண்ணெய் அழுத்தம். சென்சாரைக் கழட்டி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. உங்கள் எஞ்சினின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

ஓட்டும்போதும் ஓர் அடையாளம் உண்டு. 2,000, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும் கணத்தில் நாலைந்து தட்டு தெளிவாகக் கேட்கும். ஆனால் இதைச் சோதிக்கிறேன் என்று நீங்கள் செய்ய வேண்டாம். பேரிங் உண்மையிலேயே போயிருந்தால் ஒவ்வொரு தட்டும் கிராங்க்கைக் காயப்படுத்துகிறது.

எஞ்சினே இல்லாத சத்தமும் இப்படிக் கேட்குமா?

நிறையவே. எக்ஸாஸ்ட் மேல் இருக்கும் ஹீட் ஷீல்டின் போல்ட் துருப்பிடித்து விழுந்துவிட்டால், தகடு ஆடி எஞ்சினே உடைவது போலக் கேட்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்தால் ‘டி’, ‘ஆர்’ மாற்றும்போது ஒரு ‘டொம்’. பெல்ட் டென்ஷனரின் பேரிங், ஆல்டர்னேட்டர், ஏர்கான் கம்ப்ரஸர் எல்லாமே தட்டும்.

ஈசூனில் எனக்குத் தெரிந்தவரின் பதின்மூன்று வயது ஜப்பானியக் காருக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் எஞ்சின் மாற்றச் சொன்னார்கள். சத்தம் அடியிலிருந்து, கனமாக, பேரிங் போலவேதான் இருந்தது. ஆனால் ‘டி’யில் போட்டதும் அது வேறு மாதிரி ஆனது. ஃபில்டரை வெட்டினால் சுத்தமாக இருந்தது, அழுத்தமும் சரி. கடைசியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல். கியர்பாக்ஸை இறக்கி அந்தத் தட்டை மாற்றினார்கள். அந்தக் கார் இன்னும் ஓடுகிறது.

பெல்ட்டில் ஓடும் பாகங்களைச் சந்தேகித்தால், பெல்ட்டைக் கழட்டிவிட்டு அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் நின்றால் எஞ்சின் உள்ளே ஒன்றும் இல்லை. பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருப்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

நானே எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை வால்வு கவர், பிளாக், ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியை காதோரத்து எலும்பில் ஒட்டுங்கள். எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே தேடுங்கள். தொங்கும் சட்டை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எஞ்சின் அணைந்த பிறகும் திடீரென்று சுற்றும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் சுவரை ஒட்டி நிறுத்தி, ஜன்னலைத் திறந்து கேட்டால் சத்தம் திரும்பி வந்து தெளிவாகத் தெரியும். ஆனால் நின்ற வண்டியில் எஞ்சினை வீணாக ஓட விடுவது இங்கே குற்றம், கீழ்மாடிக்காரருக்கும் தொந்தரவு. சுருக்கமாக முடித்துவிடுங்கள்.

ஸ்கேனர் போட்டால் குறியீடு எதுவும் இல்லை என்கிறார்கள். அப்போது எஞ்சின் நலம்தானே?

இல்லை. தேய்ந்த பேரிங்கை அளக்க காரில் எந்த சென்சாரும் கிடையாது. ஆண்டுச் சோதனையில் தேறியதும் இதற்கு ஆதாரம் ஆகாது. அங்கே பிரேக், விளக்கு, புகை பார்ப்பார்கள், பேரிங் இடைவெளியை அல்ல.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் குறையும் என்கிறார்களே?

குறையும், கொஞ்ச நாளைக்கு. தேய்மானம் அப்படியே இருக்கும். 5டபிள்யூ-30 (கெட்டித்தன்மைக் குறி; கடைசி எண் கூடினால் சூட்டில் எண்ணெய் கெட்டி) கேட்கும் பழைய எஞ்சினுக்கு, கையேடு அனுமதித்தால், நம் வெயிலுக்கு 5டபிள்யூ-40 ஊற்றுவதில் தப்பில்லை. சத்தத்தை மறைக்க 20டபிள்யூ-50 ஊற்றி வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

வொர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது?

சின் மிங், காக்கி புக்கிட், உபி எங்கே போனாலும், நம்மவர்கள் ‘எஞ்சினில் சத்தம்’ என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். போகும்போது சத்தம் நின்றுவிடும், ‘ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொண்டு போங்கள்: குளிர்ந்த ஸ்டார்ட் ஒன்று, சூடான பிறகு ஒன்று, ஆர்பிஎம் முள் தெரிகிற மாதிரி. குளிர்ந்த நிலையில் மட்டும் வரும் சத்தம் என்றால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலையில் அவர்களே ஸ்டார்ட் செய்யட்டும் என்று சொல்லுங்கள். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றால் வெட்டிய ஃபில்டரையும் அழுத்த அளவையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கூலி குறைவு என்று ஜோகூர்பாருவுக்கு ஓட்டிப் போகலாமா என்றால், மேலே சொன்ன ‘டிக் டிக்’ வகைக்குச் சரி. கனமான சத்தத்தோடு உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலில் மணிக்கணக்காக நிற்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம்.

பேரிங்தான் போயிருக்கிறது. சரிசெய்வதா, வேறு எஞ்சின் போடுவதா, காரையே ஒப்படைப்பதா?

சிஓஇயில் மிச்சமுள்ள மாதங்களை வைத்து முடிவெடுங்கள். புதுப்பித்த காரை முன்கூட்டியே பதிவு நீக்கினால், கட்டிய தொகையில் மிச்சக் காலத்துக்கு உரிய பங்கு திரும்பக் கிடைக்கும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அதற்கு மேல் நீட்டிக்கவே முடியாது. சாலை வரியும் பத்து ஆண்டுக்குப் பிறகு 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடும். இவற்றைத் தாளில் எழுதி, பழுதுச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓர் ஆண்டுக்குள் சிஓஇ முடியும் காருக்கு எஞ்சின் செலவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. நான்கைந்து ஆண்டு இருந்து, பாடியும் கியர்பாக்ஸும் நன்றாக இருந்தால் செய்யலாம். ஜப்பானிலிருந்து வரும் பயன்படுத்திய எஞ்சின் பல நேரம் முழு ஓவர்ஹாலைவிட மலிவு, ஆனால் அதன் கடந்தகாலம் தெரியாது. பொருத்துவதற்கு முன் எண்ணெய்த் தொட்டியைக் கழட்டிப் பேரிங்கைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். எஞ்சின் மாறினால் எஞ்சின் எண்ணும் மாறும். அதை நிலப் போக்குவரத்து ஆணையத்தில் முறைப்படி பதிய வேண்டும். வொர்க்‌ஷாப் அதைச் செய்யுமா என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறேன். இந்தச் சத்தம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்திருந்தால், நீங்கள் பானட் பக்கம் நின்றுகொண்டு அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் ஐந்து நொடி பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்லாமல் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு ஏர்கானோடு இருபது நிமிடம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் பானட்டைத் திறந்து மறுபடி கேளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். தார் போன்ற கறுப்புப் பசை ஒட்டினால், எண்ணெய் நேரத்துக்கு மாற்றப்படவில்லை.